சைலென்சரை யார் பெயரில் பதிவது? தனிநபர், டிரஸ்ட், எல்எல்சி: அமெரிக்கச் சட்டத்தில் உள்ள வழிகள்

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் துப்பாக்கி சைலென்சர் வாங்குவோர் 200 டாலர் ஃபெடரல் வரி கட்டவேண்டியதில்லை. 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய பட்ஜெட் சட்டத்துக்குள் இருந்த ஒரு சிறு பிரிவு அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. வரி போனதும் பதிவும் போய்விட்டது என்று பலர் எண்ணிக்கொண்டார்கள். பதிவு போகவில்லை. படிவம், கைரேகை, புகைப்படம், ஒப்புதல் வரும்வரை காத்திருப்பது எல்லாம் அப்படியே இருக்கின்றன. படிவத்தின் தொடக்கத்திலேயே வரும் ஒரு கேள்வியும் அப்படியே இருக்கிறது: விண்ணப்பிப்பது தனிநபரா, டிரஸ்டா, நிறுவனமா?

கடையில் நிற்பவர் இதை ஒரு நிமிடத்தில் டிக் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர் வெளியூர் போகும்போதும், நோயில் படுக்கும்போதும், இறக்கும்போதும் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை அந்த ஒரு டிக்தான் தீர்மானிக்கிறது.

எந்தப் பொருள்களைப் பற்றிய பேச்சு இது?

நம் ஊரில் சைலென்சர் என்றால் பைக்கின் புகைக்குழாய்தான் நினைவுக்கு வரும். வேலை ஒன்றுதான். உள்ளே அடுக்கடுக்காகத் தடுப்புத் தட்டுகள் வைத்த உலோகக் குழாய் அது. குண்டின் பின்னால் சீறிவரும் வாயுவைச் சுற்றவிட்டு, வேகத்தைக் குறைத்து வெளியே விடும். ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சினிமாவில் காட்டுவதுபோல் வேட்டுச் சத்தம் அடியோடு அடங்காது. ரைஃபிள் வெடிக்கும் ஓசை ஏறத்தாழ 160 டெசிபல் என்றால், அதில் 20 முதல் 35 டெசிபல்வரை குறையும். சுடுபவரின் காதுக்கு அது பெரிய உதவி. அடுத்த தோட்டத்தில் நிற்பவருக்கு அப்போதும் கேட்கும்.

பார்வைக்கு இது துணைக்கருவிதான். ஆனால் அமெரிக்க ஃபெடரல் சட்டம் சைலென்சரையே ஒரு துப்பாக்கியாக வரையறுக்கிறது. துப்பாக்கியில் பொருத்தாமல் மேசை இழுப்பறையில் தனியாகக் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான். இந்த வரையறையை மனதில் வைக்காவிட்டால் மற்ற எதுவும் புரியாது.

மதுவிலக்குக் கால ரவுடிக் கும்பல்களின் வன்முறையைத் தொடர்ந்து 1934இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதன் கீழ் இன்று வருபவை இவை:

1. மெஷின்கன். 1986 மே 19க்கு முன் பதிவானவற்றை மட்டுமே பொதுமக்கள் வைத்துக்கொள்ள முடியும்.
2. குழல் நீளம் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள்.
3. குழல் நீளம் 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன்.
4. சைலென்சர்.
5. கையெறி குண்டு போன்ற அழிவுக் கருவிகள். 1968இல் சேர்க்கப்பட்டவை.
6. பேனா வடிவத் துப்பாக்கி போன்ற, வேறெதிலும் அடங்காத ஆயுதங்கள்.

இவற்றில் 1, 5 இரண்டுக்கும் 200 டாலர் வரி தொடர்கிறது. மற்ற நான்குக்கும் இப்போது வரி பூஜ்யம். 1934இல் 200 டாலர் என்பது சாதாரண மனிதர் நினைத்துப் பார்க்க முடியாத தொகை. வாங்கவிடாமல் செய்வதற்கென்றே வைத்த வரி அது. தொண்ணூறு ஆண்டுகள் அந்தத் தொகையை யாரும் உயர்த்தவில்லை. பணவீக்கம் அதன் பல்லைப் பிடுங்கிய பிறகு எஞ்சிய தடை காகித வேலைதான். அந்தக் காகித வேலைதான் இன்றும் இருக்கிறது.

பதிவேட்டில் இருக்கும் பெயர்

மேற்சொன்ன ஒவ்வொரு பொருளும் ஏடிஎஃப் என்னும் ஃபெடரல் அமைப்பின் மையப் பதிவேட்டில் வரிசை எண்ணோடும் உரிமையாளர் பெயரோடும் இருக்கவேண்டும். டீலரிடமிருந்து வாங்கினால் படிவம் 4, சொந்தமாகச் செய்வதானால் படிவம் 1. ஒப்புதல் கைக்கு வந்த பிறகே பொருளைக் கையில் எடுக்கலாம், அல்லது செய்யத் தொடங்கலாம்.

இங்கே இரண்டு சொற்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, கைமாற்றம். விற்பது மட்டும் கைமாற்றம் என்று நாம் நினைப்போம். சட்டத்தின் பட்டியலில் அடகு வைப்பது, வாடகைக்கு விடுவது, இரவல் தருவது, இனாமாகக் கொடுப்பது எல்லாமே கைமாற்றம். இந்த வார வேட்டைக்கு மட்டும் தம்பியிடம் கொடுத்து அனுப்பினாலும், ஒப்புதல் இல்லாத கைமாற்றம் ஆகிவிடும்.

இரண்டாவது, கைவசம். தன் பெயரில் பதிவாகாத பொருளைக் கைவசம் வைத்திருப்பதே குற்றம். பத்து ஆண்டுவரை சிறை, 10,000 டாலர்வரை அபராதம் என்று இந்தச் சட்டமே சொல்கிறது. கையில் பிடித்திருந்தால்தான் கைவசம் என்றில்லை. வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வசதியும் எண்ணமும் இருந்தால் அதையும் கைவசமாக நீதிமன்றங்கள் கொள்ளும்.

டெக்சஸில் ஒரு வீட்டை எண்ணிப்பாருங்கள். படுக்கையறை அலமாரியில் எண் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டகம். கணவர் தன் சொந்தப் பெயரில் வாங்கிய சைலென்சர் உள்ளே இருக்கிறது. வீட்டுப் பத்திரமும் நகையும் அதே பெட்டகத்தில்தான். பூட்டின் எண் மனைவிக்கும் தெரியும். கணவர் பத்து நாள் வேலையாக வெளியூர் போகிறார். அந்தப் பத்து நாளும் அந்தச் சைலென்சர் யார் கைவசம்? மனைவி நகையை எடுக்கத்தான் பெட்டகத்தைத் திறந்தார், அதைத் தொடவேயில்லை என்று வாதாடலாம். ஆனால் வாதாடவேண்டிய இடத்தில் அவர் நிற்கவேண்டி வருகிறதே, அதுதான் சிக்கல். கணவர் கூடவே நிற்கும்போது சுடுதளத்தில் மனைவி அதைச் சுட்டுப்பார்ப்பதில் தொல்லை இல்லை. கணவர் இல்லாதபோதுதான் தொல்லை.

டிரஸ்ட், எல்எல்சி (உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) என்ற பேச்செல்லாம் எழுவது இந்தப் பெட்டகத்தின் முன்னால்தான்.

டிரஸ்டின் பக்கம் கூட்டம் சேர்ந்தது ஏன்?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். தமிழில் டிரஸ்ட் என்றதும் அறக்கட்டளை, தர்ம காரியம் என்று மனம் போகிறது. இங்கே தர்மத்துக்கு இடமில்லை. ஒருவர் தன் சொத்தை ஒரு பத்திரத்தின் வழியே தனி ஏற்பாடாக எழுதிவைத்து, அதை யார் நிர்வகிப்பது, யார் அனுபவிப்பது, தன் காலத்துக்குப் பிறகு யாரிடம் போவது என்று வகுக்கும் குடும்ப ஏற்பாடு இது. எழுதிவைப்பவர், நிர்வகிக்கும் டிரஸ்டி, பயனாளி என்று மூன்று வேடங்கள். எழுதிவைப்பவரே முதல் டிரஸ்டியாக இருப்பது வழக்கம். அவர் உயிரோடு இருக்கும்வரை திருத்தலாம், கலைக்கலாம்.

2016 ஜூலை 13க்கு முன்பு தனிநபராக விண்ணப்பித்தால் உள்ளூர் ஷெரிஃப் அல்லது காவல்துறைத் தலைவரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டாகவேண்டும் என்று அவரை ஃபெடரல் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சில ஊர்களில் கொள்கையாகவே மறுத்தார்கள். குற்றப் பின்னணி எதுவும் இல்லாதவருக்கும் வழி அடைபட்டது. டிரஸ்ட், நிறுவனம் ஆகியவற்றுக்கோ கையெழுத்தும் வேண்டாம், கைரேகையும் வேண்டாம், புகைப்படமும் வேண்டாம். கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

41எஃப் என்று அழைக்கப்படும் விதி அந்தத் தேதியில் அமலுக்கு வந்து இரண்டு பக்கத்தையும் சமன் செய்தது. காவல்துறைத் தலைவரின் கையெழுத்து எல்லோருக்கும் ரத்து. அவருக்கு ஒரு நகல் அனுப்பினால் போதும். அதற்கு ஈடாக, டிரஸ்டிலும் நிறுவனத்திலும் உள்ள பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகை, புகைப்படம், தனிப் படிவம் தரவேண்டும். துப்பாக்கியைப் பெறவும் வைத்திருக்கவும் கொடுக்கவும் அதிகாரம் உள்ளவரே பொறுப்பாளர். டிரஸ்டிகள் அதில் வருவார்கள். அந்த அதிகாரம் இல்லாத வெறும் பயனாளி வரமாட்டார்.

சோதனைக்குத் தப்ப டிரஸ்ட் எழுதிக்கொள்ளலாம் என்று இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பழைய காலத்தின் எச்சம். அந்த வழி அடைபட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன.

வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால்

*தனிநபர்.* மிக எளியது, செலவில்லாதது. ஒரே ஆளின் கைரேகை, ஒரே ஆளின் படம். மின்விண்ணப்பம் வந்தபிறகு, குறிப்பாக 2024 முதல், சில நாள்களிலேயே ஒப்புதல் பெற்றவர்கள் நிறையப்பேர். அதற்கு முன் எட்டு மாதம், ஒரு வருடம் என்று காத்திருந்த காலம் உண்டு. குறை என்னவென்றால் மேலே சொன்ன பெட்டகம். பதிவானவர் உடன் இல்லாமல் வேறு யாரும் தொடக்கூடாது.

*டிரஸ்ட்.* இணை டிரஸ்டியாக இருக்கும் ஒவ்வொருவரும் தனியாகவே அந்தப் பொருளை எடுத்துச் செல்லலாம், பயன்படுத்தலாம். மனைவி டிரஸ்டியாக இருந்தால் பெட்டகச் சிக்கல் அன்றே தீர்ந்தது. இதுதான் டிரஸ்டின் உண்மையான பலன். ஆனால் பத்திரம் எழுதும்போது சறுக்கும் இடங்கள் பல:

1. வீடு, வங்கிக் கணக்குக்காக எழுதும் பொதுவான குடும்ப டிரஸ்ட் பத்திரம் இதற்குப் பொருந்தாமல் போகலாம். சொத்துகளை விற்றுப் பயனாளிகளுக்குப் பங்கிடு என்று அது டிரஸ்டிக்குக் கட்டளையிடும். சைலென்சரை ஒப்புதல் இல்லாமல் அப்படிப் பங்கிட்டால் குற்றம். அந்தத் தடையைச் சொல்லும் வாசகம் பத்திரத்திலேயே இருக்கவேண்டும்.

2. டிரஸ்ட் செல்லுமா என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும். சாட்சி, நோட்டரி போன்ற தேவைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பத்திரம் செல்லாது என்றால், பதிவான உரிமையாளர் என்று ஒருவர் இல்லவே இல்லை என்றாகிவிடும். கடைகளில் கிடைக்கும் அச்சடித்த மாதிரியில் பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்திடுவதற்கு முன், அந்த மாநில வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவது வீண்செலவு ஆகாது.

3. டிரஸ்டிகள் ஐந்து பேர் என்றால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஐந்து பேரின் கைரேகை, ஐந்து பேரின் படம். ஐந்தாமவர் வேறு ஊரில் இருந்தால் அவருக்காகக் காத்திருக்கவேண்டும். எனவே விண்ணப்பிக்கும்போது ஒரே டிரஸ்டியாக இருந்து, ஒப்புதல் வந்தபின் மற்றவர்களைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. பின்னால் சேர்த்ததை உடனே தெரிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் விதியில் இல்லை. ஆனால் அடுத்த பொருளுக்கு விண்ணப்பிக்கும்போது அன்றைக்கு டிரஸ்டிகளாக இருக்கும் எல்லோரும் படிவத்தில் வந்தாகவேண்டும். இதற்காகவே சிலர் ஒரு பொருளுக்கு ஒரு டிரஸ்ட் என்று எழுதுகிறார்கள். ஒன்றிரண்டு பொருள் என்றால் சரி. பத்துப் பொருளுக்குப் பத்துப் பத்திரம் என்றால், எந்தப் பத்திரத்தில் யார் டிரஸ்டி என்று அவர்களுக்கே நினைவிருக்காது. விண்ணப்பத்துக்கு முதல்நாள் பெயரை நீக்கி மறுநாள் சேர்ப்பதையும் சிலர் செய்கிறார்கள். உண்மையில் விலகாதவரை விலகியதாகக் காட்டினால், அரசுப் படிவத்தில் பொய் சொன்னதாகவே முடியும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

4. டிரஸ்டின் பெயர் நீளமாக இருந்தால் ஒரு வினோதமான தொல்லை உண்டு. ரைஃபிளின் குழலைக் குறைத்துச் சொந்தமாகச் செய்பவர், செய்தவர் பெயரையும் ஊரையும் மாநிலத்தையும் உலோகத்தில் பொறிக்கவேண்டும். டிரஸ்ட் விண்ணப்பித்திருந்தால் டிரஸ்டின் பெயர்தான் பொறிக்கப்படும். எழுத்து குறைந்தது 0.003 அங்குல ஆழம் இருக்கவேண்டும். தாத்தா பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று அழகாக எழுதிய பெயர், விரல் அகல இடத்தில் முட்டிமோதி நிற்கும். இரண்டு சொல்லில் பெயர் வைப்பவர்கள் பட்டறையில் நன்றி சொல்வார்கள்.

*எல்எல்சி.* தொழிலுக்கென்று இருக்கும் நிறுவனம் வாங்குவதானால் இது பொருத்தம். காட்டுப்பன்றி வேட்டைக்கு ஆள்களை அழைத்துப்போகும் பண்ணை, தனியார் காவல் நிறுவனம் போன்றவை எடுத்துக்காட்டு. ஊழியர் வருவார், போவார். பொருள் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கும்.

சைலென்சர் வைத்துக்கொள்ள மட்டும் எல்எல்சி தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பல மாநிலங்களில் ஆண்டு அறிக்கையும் கட்டணமும் உண்டு. அதைக் கட்ட மறந்தால் நிறுவனத்தை மாநிலம் கலைத்துவிடும். அப்போது பதிவேட்டில் இருப்பது இல்லாத நிறுவனத்தின் பெயர். பெட்டகத்தில் இருப்பது உரிமையாளர் இல்லாத சைலென்சர். உறுப்பினர் ஒருவர் அதைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்வது தனிக் கைமாற்றம். அதற்கும் ஒப்புதல் வேண்டும். நிறுவனத்தின் மேல் யாராவது வழக்குப் போட்டு வென்றால், நிறுவனத்தின் சொத்து என்ற வகையில் இதுவும் அந்தக் கணக்கில் வரும். டிரஸ்டின் பத்திரம் வீட்டு அலமாரியில் இருக்கும். எல்எல்சியின் விவரமோ மாநில அலுவலகத்தின் பொதுப் பதிவில் இருக்கும்.

*கார்ப்பரேஷன்.* எல்எல்சிக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். இயக்குநர் கூட்டம், குறிப்பேடு என்று சடங்குகள் கூடுதல். ஏற்கெனவே கார்ப்பரேஷனாக இயங்கும் தொழிலுக்கு மட்டும் சரி.

உரிமையாளர் இறந்தால்

தனிநபராகப் பதிந்தவர் இறந்தால், உயிலை நிறைவேற்றுபவர் சொத்துப் பிரிப்பு முடியும்வரை அந்தப் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கலாம். அதைக் கைமாற்றமாகச் சட்டம் கருதாது. அதற்குள் படிவம் 5 போட்டு வாரிசின் பெயருக்கு மாற்றவேண்டும். வாரிசுக்கு மாற்றும்போது வரி கிடையாது. ஆகவே சொந்தப் பெயரில் வாங்கினால் பிள்ளைகளுக்குப் போகாது என்று பயமுறுத்துவது சரியல்ல. நீதிமன்ற நடைமுறை வழியே, கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

டிரஸ்டில் அடுத்த டிரஸ்டி பொறுப்பேற்கிறார். உயில் நடைமுறைக்காகக் காத்திருக்கவேண்டாம். டிரஸ்ட் தொடர்ந்தால் பொருள் அதிலேயே இருக்கும். பயனாளிக்குப் பிரித்துக் கொடுப்பதானால் அங்கேயும் படிவம் 5 உண்டு. சிறு பிள்ளைகளைப் பயனாளியாக எழுதிவைத்து, வயது வந்தபின் கொடுக்கச் சொல்லலாம். டிரஸ்டியாகப் போடமுடியாது.

இரண்டு வழியிலும் பொதுவான ஒரு சுவர்: வாரிசு இருக்கும் மாநிலம். பொதுமக்கள் சைலென்சர் வைத்திருக்க 42 மாநிலங்கள் அனுமதிக்கின்றன. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டும் அனுமதிப்பதில்லை. மகள் நியூஜெர்சியில் இருந்தால் எந்தப் பத்திரமும் அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது.

வரி பூஜ்யமானதால் மாறியது என்ன?

முன்பு சொந்தப் பெயரில் வாங்கிவிட்டு, பின்னால் டிரஸ்டுக்கு மாற்ற நினைத்தால் மறுபடி 200 டாலர். அதனால் முதல் நாளே சரியாகத் தேர்ந்தெடுக்கவேண்டிய கட்டாயம் இருந்தது. இப்போது அந்த மாற்றத்துக்கும் வரி இல்லை. படிவமும் காத்திருப்பும் மட்டும் உண்டு. இன்று தனிநபராக வாங்கி, திருமணத்துக்குப் பிறகோ பிள்ளைகள் வளர்ந்த பிறகோ டிரஸ்டுக்கு மாற்றலாம். மெஷின்கன்னுக்கும் அழிவுக் கருவிகளுக்கும் மட்டும் பழைய கணக்கு தொடர்கிறது.

பதிவையும் சேர்த்தே நீக்கத்தான் செனட்டில் முயன்றார்கள். பட்ஜெட் நடைமுறைக்குள் அது அடங்காது என்று செனட்டின் விதி ஆலோசகர் சொன்னதால் வரிக் குறைப்பு மட்டும் மிஞ்சியது. 1937இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை வரி விதிக்கும் அதிகாரத்தின் பேரில்தான் செல்லும் என்றது. வரியே இல்லாதபோது பதிவுக்கு என்ன அடிப்படை என்று கேட்டு ஃபெடரல் நீதிமன்றங்களில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. வழக்கு இருக்கிறதே என்று பதிவில்லாமல் வாங்குவது பெரிய ஆபத்து. தீர்ப்பால் சட்டம் மாறும்வரை பழைய தண்டனை அப்படியே இருக்கிறது.

டிக் செய்வதற்கு முன் கேட்கவேண்டியவை

1. நீங்கள் இல்லாதபோது வேறு யாராவது இதை எடுப்பார்களா? யாரும் இல்லை, பெட்டக எண் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்றால் தனிநபர் போதும்.

2. எடுப்பவர் எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதி உள்ளவர்களா? ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவர், குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவர் போன்றவர்களுக்குத் தடை உண்டு. டிரஸ்ட் அந்தத் தடையை நீக்காது. அமெரிக்காவில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இன்னொன்று. எச்-1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவருக்குப் பொதுவாகத் துப்பாக்கியும் தோட்டாவும் கைவசம் வைத்திருக்கத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. நண்பர் டிரஸ்டில் சேரச் சொல்கிறார் என்று ஆசையாகக் கையெழுத்துப் போட்டால், ஃபெடரல் வழக்கோடு விசாவும் சேர்ந்து போகும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

3. மாநிலம் தாண்டி எடுத்துப் போவீர்களா? சைலென்சருக்கு ஏடிஎஃப் முன் அனுமதி வேண்டாம். போகும் மாநிலத்தில் அது சட்டப்படி செல்லவேண்டும், அவ்வளவே. குறைந்த குழல் ரைஃபிளும் ஷாட்கன்னும் மெஷின்கன்னும் போவதானால் முன்கூட்டியே தனிப் படிவம் போட்டு அனுமதி வாங்கவேண்டும். தனிநபர், டிரஸ்ட் இரண்டுக்கும் இது ஒன்றுதான்.

4. உங்களுக்குப் பிறகு பொறுப்பேற்பவருக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியுமா? பதிவுச் சான்றை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்து, ஏடிஎஃப் கேட்டால் காட்டவேண்டும் என்கிறது சட்டம். ஒப்புதல் பெற்ற படிவம், டிரஸ்ட் பத்திரம், டிரஸ்டிகளைச் சேர்த்த திருத்தங்கள் ஆகியவற்றைப் பொருளோடு பெட்டகத்தில் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. இன்னொரு தொகுப்பு பெட்டகத்துக்கு வெளியே இருக்கட்டும். உரிமையாளர் இல்லாத வீட்டில் அந்தக் காகிதங்களைத் தேடப்போகிறவர், பல வேளைகளில் பெட்டகத்தைத் திறக்கக்கூடாதவராகவே இருப்பார்.